அஞ்ச வேண்டாம் என்ற சொல்லுக்குப் பொறுப்பு யாருடையது? – லாக்விலா தீர்ப்புகள் குறித்து ஒரு பார்வை

2012 அக்டோபர் 22-ஆம் நாள் இத்தாலியின் மலைநகரான லாக்விலாவில் ஒரு தனி நீதிபதி வழங்கிய தீர்ப்பு, மறுநாள் உலகின் நாளேடுகள் பலவற்றில் ஏறக்குறைய ஒரே தலைப்பில் வெளிவந்தது: நிலநடுக்கத்தை முன்கூட்டிச் சொல்லத் தவறிய விஞ்ஞானிகளுக்குச் சிறை. ஆறு விஞ்ஞானிகளுக்கும் ஓர் அரசு அதிகாரிக்கும் தலா ஆறாண்டுச் சிறை. கூடவே அரசுப் பதவி வகிக்க வாழ்நாள் தடை. அரசு வழக்கறிஞர் கேட்டதோ நான்காண்டுதான். கலீலியோவின் பெயர் உடனே நினைவுகூரப்பட்டது. திருச்சபை அன்று வானியலைத் தண்டித்தது, இன்று நீதிமன்றம் நிலவியலைத் தண்டிக்கிறது என்று எழுதினார்கள். நாமும் அச்செய்தியை அப்படித்தான் படித்தோம். படித்துவிட்டு, ஐரோப்பாவிலும் மடமைக்குக் குறைவில்லை என்று நண்பர்களிடம் சொல்லவும் செய்தோம். அச்சொல்லை நாம் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. இக்கட்டுரைக்கு அதுவே காரணம்.

தீர்ப்பின் காரணவிளக்கம் 2013 ஜனவரியில் வெளிவந்தது. 900 பக்கங்களைத் தாண்டும் ஆவணம் அது. நீதிபதி மார்கோ பில்லி அதில் ஒன்றை ஐயத்துக்கு இடமின்றி எழுதியிருந்தார். நிலநடுக்கத்தை முன்னறிவிக்க எவராலும் இயலாது. அதைச் செய்யாததற்காக இவர்களில் ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. இடரை மேம்போக்காக மதிப்பிட்டார்கள், அம்மதிப்பீட்டைப் பிழையான ஆறுதலாக மக்களிடம் செல்லவிட்டார்கள், அதை நம்பிச் சிலர் இறந்தார்கள் என்பதே குற்றச்சாட்டு. இவ்வேறுபாட்டைத் தலைப்பு எழுதியவர்கள் காணாமற் போனதில் வியப்பில்லை. கற்றோர் காணாமற் போனதே வியப்பு. விசாரணை தொடங்குமுன்பே, 2010-இல், பல நாடுகளைச் சேர்ந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட அறிவியலாளர்கள் இத்தாலியக் குடியரசுத் தலைவருக்கு ஒரு திறந்த மடலில் கையொப்பமிட்டிருந்தனர். நிலநடுக்கத்தை முன்னறிவிக்க வழியில்லை என்பதே அதன் சாரம். சொல்லப்படாத ஒரு குற்றச்சாட்டுக்கு எழுதப்பட்ட மறுமொழி அது. குற்றப்பத்திரிகையை முழுவதும் படித்துவிட்டுக் கையொப்பமிட்டவர்கள் அவர்களில் எத்தனை பேராயிருப்பர் என்று எண்ணிப் பார்க்கிறோம். ஒரு நூலின் பெயரை மட்டும் கேட்டு அதற்கு மறுப்பு எழுதுவோர் எல்லாத் துறைகளிலும் உளர் போலும்.

நடந்ததை நடந்த வரிசையில் சொல்வோம்.

லாக்விலா நிலநடுக்கத்துக்குப் புதிய ஊரன்று. 1349, 1461, 1703 ஆகிய ஆண்டுகளில் அந்நகரம் பேரழிவு கண்டது. 1703-இல் மாண்டோர் ஆயிரக்கணக்கானோர். அம்மக்களிடம் தலைமுறை தலைமுறையாக ஒரு வழக்கம் இருந்தது. இரவில் ஓர் அதிர்வை உணர்ந்தால் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியேறிவிடுவார்கள். சதுக்கத்திலோ திறந்த வெளியிலோ பிற்காலத்தில் காருக்குள்ளோ போர்வையைச் சுற்றிக்கொண்டு விடியும்வரை இருப்பார்கள். எந்த ஆய்வுக்கூடமும் சொல்லிக்கொடுத்ததன்று அது. தந்தை செய்ததை மகன் செய்தான், அவ்வளவே. வழக்கை விளங்கிக்கொள்ள இவ்வழக்கம் இன்றியமையாதது என்பதால் வாசகர்கள் இதை நினைவில் இருத்த வேண்டுகிறோம்.

2009-இன் தொடக்க மாதங்களில் அவ்வட்டாரத்தில் சிற்றதிர்வுகள் ஓயாமல் வந்தன. பெரும்பாலானவை கருவிகள் மட்டுமே உணர்ந்தவை. சில மக்களும் உணர்ந்தவை. கிரான் சாஸோ மலைக்கடியில் உள்ள இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் தொழில்நுட்பப் பணியாளராக இருந்த ஜம்பாவ்லோ ஜூலியானி என்பவர், நிலத்திலிருந்து கசியும் ரேடான் வாயுவை அளந்து நிலநடுக்கத்தை முன்கூட்டிச் சொல்ல முடியும் என்று கூறிவந்தார். மார்ச் மாத இறுதியில் சுல்மோனா என்ற ஊருக்கு அவர் விடுத்த எச்சரிக்கை அங்கே பெரும் கலக்கத்தை உண்டாக்கியது. சுல்மோனாவில் ஒன்றும் நேரவில்லை. வீண் பீதி கிளப்பியதாக அவர்மீது புகார் செய்யப்பட்டது. அவருடைய முறை அறிவியலார் ஏற்ற முறையன்று. அன்றும் அன்று, இன்றும் அன்று. பின்னர் அவரைத் தீர்க்கதரிசியாக்கிய எழுத்துகளை நாம் ஒரு பொருட்டாகக் கொள்ளவில்லை. ஊரைத் தவறாகச் சொன்னவர், நாளைத் தவறாகச் சொன்னவர் அவர். அவர் சொல்லைக் கேட்டு நடந்திருந்தால் சுல்மோனா மக்கள் லாக்விலாவுக்கே தஞ்சம் தேடி வந்திருக்கவும் கூடும்.

ஆனால் அவரை வாயடைக்க வேண்டும் என்ற அவசரத்தில்தான் பிழை பிறந்தது. மார்ச் 30-ஆம் நாள் ரிக்டர் அளவில் 4-ஐ ஒட்டிய அதிர்வொன்று லாக்விலாவை உலுக்கியது. பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் வெளியே ஓடினர். அன்றே, நாட்டின் குடிமைப் பாதுகாப்புத் துறைத் தலைவர் குய்தோ பெர்தொலாஸோ மாகாண அதிகாரப் பொறுப்பில் இருந்த ஒருவரிடம் தொலைபேசியில் பேசினார். வேறொரு விசாரணைக்காக அவருடைய தொலைபேசி ஒட்டுக்கேட்கப்பட்டு வந்ததால் அவ்வுரையாடல் பதிவாயிற்று; 2012-இல் வெளியும் ஆயிற்று. வல்லுநர்களை மறுநாள் லாக்விலாவுக்கு அனுப்பப்போவதாகவும், அது ஊடகங்களுக்கான ஏற்பாடே என்றும், பீதி கிளப்புவோரை அடக்கி மக்களை அமைதிப்படுத்துவதே நோக்கமென்றும் அவர் அதில் கூறுகிறார். வல்லுநர்கள் என்ன சொல்வார்கள் என்பது வல்லுநர்கள் கூடுமுன்பே முடிவாகிவிட்டது என்பதே இதன் பொருள். முடிவை முதலில் எழுதிவிட்டு ஆதாரத்தைப் பிறகு தேடும் முறையை விவாத மேடைகளில் நாம் கண்டிருக்கிறோம். உயிர்கள் சார்ந்த ஒரு செய்தியில் அரசு அதைக் கையாண்டது.

மார்ச் 31-ஆம் நாள் பேரிடர் ஆணையத்தின் வல்லுநர்கள் லாக்விலாவில் கூடினர். நாட்டின் புவி இயற்பியல், எரிமலையியல் நிறுவனத் தலைவர் என்ஸோ போஸ்கி, எரிமலையியலாளர் ஃபிராங்கோ பார்பேரி முதலிய புகழ்பெற்றோர் அதில் இருந்தனர். கூட்டம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நடந்தது. கூட்டக்குறிப்பின்படி அவர்கள் பேசியவற்றில் அறிவியற்பிழை என்று சொல்லத்தக்கது அரிது. சிற்றதிர்வுத் தொடர் பெரிய நடுக்கத்தின் முன்னோடி என்று கொள்ள ஆதாரமில்லை என்றனர். 1703-ஐப் போன்ற ஒன்று அண்மையில் நேர்வதற்கான வாய்ப்பு குறைவு, ஆயினும் அறவே இல்லை என்று கூறவியலாது என்றார் போஸ்கி. சரியான சொற்கள்தாம். ஆனால் அக்குறிப்பு இறுதி வடிவம் பெற்றது நிலநடுக்கத்துக்குப் பிறகு. அறைக்குள் சொல்லப்பட்ட 'ஆயினும்' அறைக்கு வெளியே இருந்த எழுபதாயிரம் மக்களுக்குக் கேட்கவில்லை.

வெளியே கேட்டது வேறு. குடிமைப் பாதுகாப்புத் துறையின் துணைத் தலைவர் பெர்னார்தோ தே பெர்னார்தினிஸ் தொலைக்காட்சிக்கு அளித்த பேட்டிதான் அது. அபாயமில்லை என்று அறிவியலாளர்கள் தம்மிடம் உறுதி கூறுவதாகவும், சிற்றதிர்வுகளால் ஆற்றல் தொடர்ந்து வெளியேறி வருவதால் நிலைமை சாதகமாகவே உள்ளது என்றும் அவர் சொன்னார். அப்படியானால் நிம்மதியாக ஒரு கோப்பை மது அருந்தலாமா என்று செய்தியாளர் கேட்க, அருந்தலாம் என்று அவ்வட்டாரத்து மதுவின் பெயரையும் சேர்த்துச் சொன்னார். இப்பேட்டி வல்லுநர் கூட்டத்துக்கு முன்பே எடுக்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

அவர் சொன்ன அறிவியல், அறிவியலே அன்று. அளவீட்டில் ஓர் எண் ஏறினால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்காகிறது. இரண்டு எண் ஏறினால் ஆயிரம் மடங்கு. 6.3 அளவுள்ள ஒரு நடுக்கத்தின் ஆற்றலை 4 அளவுள்ள அதிர்வுகளாகச் சில்லறை மாற்றித் தீர்க்க வேண்டுமானால் அத்தகைய அதிர்வுகள் ஈராயிரத்துக்கும் மேல் வேண்டும். வந்ததோ ஒன்று. நிலவியல் முதலாண்டு மாணவன் அறிந்த கணக்கு இது. மேசையைச் சுற்றி அமர்ந்திருந்த பேரறிஞர்களுக்கு இது தெரியாமல் இருந்திருக்க முடியாது. கூட்டம் முடிந்தபின் அவர்களில் பெரும்பாலோர் உரோமுக்குத் திரும்பிவிட்டனர். அந்தக் கூற்றை மறுத்துப் பொதுமக்களிடம் ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு. இரவு பதினொரு மணியளவில் ஓர் அதிர்வு. நள்ளிரவு கடந்து இன்னொன்று. பழைய லாக்விலாவாக இருந்தால் அந்நேரம் சதுக்கங்கள் நிரம்பியிருக்கும். சிலர் வெளியேறவும் செய்தனர். வேறு சில வீடுகளில் பேச்சு நடந்தது: போகலாமா, இருக்கலாமா? சாதகமான நிலை என்று பெரியவர்கள் தொலைக்காட்சியில் சொல்லிவிட்டார்களே, ஆற்றல் வெளியேறுவது நல்லதுதானே. உயிர் தப்பியோர் நீதிமன்றத்தில் அளித்த சாட்சியங்களில் இவ்வாதம் திரும்பத் திரும்ப வருகிறது. அவர்கள் படுக்கைக்குத் திரும்பினார்கள். அதிகாலை 3.32 மணிக்கு நிலம் பிளந்தது. 309 பேர் இறந்தனர். ஆயிரத்தைந்நூறுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். சுமார் 65,000 பேர் வீடிழந்தனர். மாணவர் விடுதி ஒன்றில் மட்டும் எட்டு மாணவர்கள் மாண்டனர்.

இனித் தீர்ப்புக்கு வருவோம். பில்லியின் தீர்ப்பில் நாம் மிகவும் மதிப்பது அதன் கணக்கு. 309 மரணங்களையும் அவர் குற்றவாளிகளின் தலையில் ஏற்றவில்லை. வெளியே செல்லும் வழக்கமுடையவராயிருந்து, ஆறுதல் மொழியைக் கேட்டதாலேயே அவ்வழக்கத்தைக் கைவிட்டார் என்று நிறுவப்பட்டோரை மட்டும் தனியே பிரித்தார். 29 பேர் தேறினர். மற்றோருக்கு, மொழிக்கும் மரணத்துக்கும் இடையிலான தொடர்பு நிறுவப்படவில்லை என்று விட்டுவிட்டார். துயரத்தின் பேரொலிக்கு நடுவே நின்றுகொண்டு ஒவ்வொரு மரணத்துக்கும் காரணத்தைத் தனித்தனியே கேட்ட நீதிபதியைக் கலீலியோவின் எதிரிகளோடு ஒப்பிட்டவர்கள் அவருக்கு அநீதி இழைத்தனர் என்றே நாம் கருதுகிறோம்.

குறையும் அதே தீர்ப்பில் உண்டு. கணக்கில் காட்டிய நுட்பத்தை அவர் தண்டனையில் காட்டவில்லை. பொய்யான ஆறுதலைத் தம் வாயால் சொன்னவருக்கும், சரியானதை அறைக்குள் சொல்லிவிட்டு வெளியே மௌனமாயிருந்தவருக்கும், தமக்குரிய சிறு பகுதியைப் பற்றி மட்டும் பேசியவருக்கும் ஒரே ஆறாண்டு. கூட்டாக மதிப்பிட்டீர்கள், கூட்டாகத் தவறினீர்கள் என்பது அவர் வாதம். கூட்டம் என்பது ஒரே உடலன்று. ஒவ்வொருவரும் என்ன அறிந்திருந்தார், எதைச் சொல்லும் கடமை அவருக்கு இருந்தது, எதைச் சொல்லத் தடையிருந்தது என்று பிரித்துப் பார்த்திருக்க வேண்டும். 29 பேரைப் பிரித்த கண்ணுக்கு 7 பேரைப் பிரிக்க இயலாமற் போனது எங்ஙனம்?

அதற்கு எழுந்த அச்சத்தையும் நாம் புறந்தள்ளவில்லை. தீர்ப்பு வெளியான மறுநாளே பேரிடர் ஆணையத்தின் அப்போதைய தலைவர், இயற்பியலாளர் லூச்சானோ மையானி, பதவி விலகினார். இத்தகைய அச்சுறுத்தலுக்கிடையே அரசுக்கு நேர்மையான ஆலோசனை வழங்க இயலாது என்பது அவர் நிலை. சிறை காத்திருக்கிறது என்று அறிந்த வல்லுநர் இரண்டிலொன்றைச் செய்வார்: வாயே திறக்கமாட்டார், அல்லது ஒவ்வோர் அதிர்வுக்கும் ஊரைக் காலி செய்யச் சொல்வார். இரண்டாலும் ஊருக்குப் பயனில்லை.

2014 நவம்பர் 10-ஆம் நாள் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆறு விஞ்ஞானிகளையும் விடுவித்தது. தே பெர்னார்தினிஸின் தண்டனை மட்டும் ஈராண்டாகக் குறைக்கப்பட்டு, அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது. நீதிமன்றத்தில் கூடியிருந்த லாக்விலா மக்கள் வெட்கம், வெட்கம் என்று கூவினர். 2015 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. தொலைபேசியில் பேசிய பெர்தொலாஸோ தனியே விசாரிக்கப்பட்டு 2016-இல் விடுதலையானார். விஞ்ஞானிகள் சொன்னவை அன்றைய அறிவியலுக்கு உட்பட்டவையே. மக்களிடம் அதை எடுத்துச் செல்வது அவர்கள் பணியன்று. பிழையான ஆறுதல் பேட்டியிலிருந்தே வந்தது. மேல்முறையீட்டின் தர்க்கம் ஏறத்தாழ இதுதான்.

சட்டத்தின்படி இது முந்தையதைவிடச் சீரான தீர்ப்பு. ஒருவனுடைய சொல்லுக்கு இன்னொருவனைச் சிறையிலிட முடியாது. இதில் நமக்கு இரு கருத்தில்லை. ஆயினும் இத்தீர்ப்பைப் படித்து முடிக்கும்போது ஒரு காட்சி கண்முன் நிற்கிறது. ஓர் அதிகாரி அறிவியலாளர்களின் பெயரைச் சொல்லி ஊரை உறங்கச் செய்கிறார். தம் பெயரால் சொல்லப்படுவது பிழை என்று அறிந்த அறிவியலாளர்கள் பெட்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குத் திரும்புகிறார்கள். அவர்களுடைய அறிவு அல்ல, அவர்களுடைய பெயரே அந்நகருக்கு வரவழைக்கப்பட்டிருந்தது. பெயரை இரவல் கொடுத்தவனுக்குப் பொறுப்பில்லை என்று சட்டம் சொன்னது. சட்டத்தால் அதற்குமேல் செல்ல முடியாதிருக்கலாம். நாம் செல்லலாம்.

வல்லுநரின் சொல்லை நம்பி ஒருவன் இழப்புக்குள்ளானால் ஈடு யார்மேல் என்பது நம் வாசகர்களுக்குப் புதிய வினாவன்று. ஃபிக்ஹு நூல்களில் 'ளமான்' என்ற பெயரில் இது நெடுகப் பேசப்பட்டுள்ளது. மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்தவன் ஈடு தரக் கடமைப்பட்டவன் என்பது யாவரும் அறிந்தது. லாக்விலாவுக்கு இன்னும் நெருக்கமானது ஃபத்வா பற்றிய விவாதம். ஏனெனில் முஃப்தி கையால் ஒன்றும் செய்வதில்லை, சொல் மட்டுமே தருகிறார். அவர் சொல்லை நம்பி ஒருவன் ஒரு பொருளை அழித்துவிட்டான். பிறகு ஃபத்வா திட்டவட்டமான ஆதாரத்துக்கே முரணானது என்று தெரியவந்தது. ஈடு யார்மேல்? அபூ இஸ்ஹாக் அல்இஸ்ஃபராயீனீ கூறிய விடை முதற்பார்வையில் தலைகீழாகத் தோன்றும். முஃப்தி தகுதியுடையவராயின் அவர்மேல் ஈடு உண்டு. தகுதியற்றவராயின் அவர்மேல் இல்லை. தகுதியற்றவனிடம் போய்க் கேட்டது கேட்டவனின் கவனக்குறைவு என்பது காரணம்.

இதை இப்னுஸ் ஸலாஹ் எடுத்தெழுதி ஒன்றும் சொல்லாமல் விட, இமாம் நவவீ தம் 'அல்மஜ்மூஉ' முன்னுரையில் இது சிக்கலானது என்று நிறுத்துகிறார். பிறர் ஏமாற்றியதால் ஒருவனுக்கு நேரும் இழப்பு பற்றிய இரு கருத்துகளின்மேல் இதை வைத்துப் பார்க்க வேண்டும், அல்லது ஈடே இல்லை என்று உறுதியாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் ஃபத்வாவில் கட்டாயப்படுத்தலோ வேறு வழியின்றித் தள்ளுதலோ இல்லை என்கிறார். இப்பகுதியை வகுப்பில் நடத்தும் ஒவ்வோராண்டும், அப்படியானால் எந்த முஃப்தியாவது ஈடு கட்டியிருக்கிறாரா உஸ்தாத் என்று ஒரு மாணவராவது கேட்பார். வகுப்பு சிரிக்கும். லாக்விலாவைப் படித்தபின் நமக்குச் சிரிப்பு வருவதில்லை.

இரு வாதங்களும் அவ்வழக்கில் ஏறத்தாழ அப்படியே நின்றன. விஞ்ஞானிகளின் வழக்கறிஞர்கள், வீட்டுக்குள் இருங்கள் என்று எவரும் கட்டளையிடவில்லை என்றனர். அது நவவீ சுட்டிய இரண்டாம் வழி. அரசுத் தரப்போ, இவர்கள் சாதாரண மனிதரல்லர், நாட்டின் தலைசிறந்த அறிஞர்கள், ஆகவேதான் மக்கள் நம்பினர் என்றது. அது அபூ இஸ்ஹாக்கின் வழி. ஜூலியானியை நம்பி ஒருவர் வெளியேறிக் குளிரில் வாடியிருந்தால் அது அவருடைய கவனக்குறைவு. பேரிடர் ஆணையத்தை நம்பியது கவனக்குறைவாகுமா? தகுதி உயர உயரப் பொறுப்பும் உயரும் என்ற அபூ இஸ்ஹாக்கின் உள்ளுணர்வு சரியானது என்றே நமக்குப் படுகிறது. அதை ஈடாக்கும்போது எழும் இடரை நவவீ கண்டார், அதுவும் சரியே. இவ்விரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. தெரியாது என்று சொல்லும் கடமை அது. எம் அறிவு இத்துணையே, உங்கள் தந்தையர் செய்ததை நீங்கள் செய்வதைத் தடுக்க எம்மிடம் ஆதாரம் ஒன்றுமில்லை என்று மார்ச் 31 அன்று மாலை அவர்களில் ஒருவர் ஊராரிடம் சொல்லியிருந்தால் போதும். அதற்கு நிலநடுக்கத்தை முன்னறியும் ஆற்றல் வேண்டியதில்லை. வினாக்கள் பலவற்றுக்கு அறியேன் என்று விடையளித்த இமாம் மாலிக்கின் வரலாற்றை மேடைகளில் சொல்லி மகிழும் நாம், ஃபத்வா கேட்டு வருபவரிடம் அச்சொல்லை எத்தனை முறை சொல்கிறோம் என்பதையும் ஈண்டு எண்ணிப் பார்க்கலாம்.

இறைச்செயலுக்கு மனிதனைப் பொறுப்பாக்கலாமா என்று இவ்வழக்கைப் பற்றி நம்மவர் சிலர் கேட்டதுண்டு. நிலம் அசைந்ததற்கு எவரையும் யாரும் பொறுப்பாக்கவில்லை. நம் முன்னோர் நிலநடுக்கத்தை இறைச்செயல் என்று சொல்லிவிட்டு அத்தோடு நின்றவர்களுமல்லர். இமாம் ஸுயூத்தீ நிலநடுக்கங்களுக்கென்றே 'கஷ்ஃபுஸ் ஸல்ஸலா' எனும் ஒரு நூலை எழுதி, எந்த ஆண்டில் எங்கே நிலம் நடுங்கியது என்று ஆண்டுவாரியாகத் தொகுத்து வைத்தார். மேற்காசிய நிலநடுக்க வரலாற்றை ஆராயும் இக்கால அறிவியலார் அதைச் சான்றாகப் பயன்படுத்துகின்றனர். முன்பு நடுங்கிய நிலம் மீண்டும் நடுங்கும் என்ற நினைவுதான் இன்றளவும் இத்துறையின் உறுதியான அறிவு. 1349-ஐயும் 1461-ஐயும் 1703-ஐயும் லாக்விலா மக்கள் தம் வழக்கத்தில் தொகுத்து வைத்திருந்தனர். அவர்களிடமிருந்து அதைத்தான் வாங்கிக்கொண்டார்கள்.

அத்துடன், மக்களைக் கொன்றது நிலமன்று, கட்டடம். அதே அளவுள்ள நடுக்கத்தில் உறுதியாகக் கட்டப்பட்ட ஊர்கள் நின்றிருக்கின்றன. லாக்விலாவில் இடிந்தவற்றுள் பழைய கல் வீடுகளும் உண்டு, இருபதாம் நூற்றாண்டின் கான்கிரீட் அடுக்குமாடிகளும் உண்டு. மாணவர் விடுதி இடிந்ததற்காகத் தனி வழக்கு நடந்து, பொறியியல் பொறுப்பில் இருந்தோர் 2013-இல் தண்டிக்கப்பட்டனர். அத்தண்டனைக்கு உலகில் எவரும் திறந்த மடல் எழுதவில்லை. செய்தித் தலைப்பும் பெரிதாக வரவில்லை.

அடுக்குமாடிகளில் ஒன்றைப் பற்றிய இழப்பீட்டு வழக்கு 2022 அக்டோபரில் லாக்விலா உரிமையியல் நீதிமன்றத்தில் முடிவுக்கு வந்தது. கட்டியவர் தரப்பும் மேற்பார்வையிட வேண்டிய அரசுத் துறைகளும் ஈடு தர வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. ஆயினும் முழு ஈடன்று. 30 விழுக்காடு குறைக்கப்பட்டது. அன்றிரவு இரண்டு அதிர்வுகளை உணர்ந்த பிறகும் வெளியேறாமல் உள்ளே உறங்கியது, இறந்தவர்களின் கவனக்குறைவாம்.

விருந்துக்கு அழைத்தவன் பிறனிடம் அபகரித்த உணவை இலையில் வைக்க, அறியாத விருந்தாளி அதை உண்டுவிட்டால் ஈடு இறுதியில் யார்மேல் நிற்கும் என்று நம் மாணவர்கள் 'மின்ஹாஜில்' ஓதுகிறார்கள். இரு கருத்துகளில் நவவீ வலுவானதாகக் கொண்டது உண்டவன்மேல் என்பதே. அழிந்த பொருளுக்கு அழித்தவனே ஈடு என்ற விதியின் வழி வந்த முடிவு அது, உணவைப் பற்றியது. லாக்விலா நீதிமன்றம் அவ்விதியை உறங்கியவர்கள்மேல் வைத்தது. 2022 அக்டோபர்த் தீர்ப்பை எதிர்த்து அந்நகர மக்கள் தெருவில் இறங்கினர்.